அரை நூல் கடைசல்

ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் நான் மேஸ்திரியாக இருந்தேன். யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் எஞ்சின் விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இரும்பு கடையும் லேத்து ஓட்ட ஒருவன் இருந்தான். ஊருக்கு வெளியே சேரியில் வீடு. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். எனக்கும் அவனுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் அவன் என்னை அண்ணா என்பான், நான் அவனை வாடா போடா என்பேன். அதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் பழைய பெட்ரோல் பஸ் ஒன்று ஓசூர் போகும்போது சூளகிரி மேட்டில் திணறி நின்றுவிடும். கண்டக்டர் பாதிப் பேரை இறக்கி நடக்கவிடுவார். முதலாளிக்கு அது பெரிய அவமானம். பெங்களூர் பழைய இரும்புக் கடையில் அலைந்து, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டு ஒன்றை, ராணுவ லாரியுடையதை, பிடித்து வந்தேன். எங்கள் எஞ்சினில் அப்படியே உட்காரும், ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், கூடும். தூரம் கூடினால் இழுவை கூடும்.

கிராங்கை மட்டும் மாற்றினால் பிஸ்டன் ஒரு நூல் அதிகமாக ஏறி மேல்மூடியில் முட்டும். ஒன்று பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடு குட்டையாக வேண்டும், இல்லாவிட்டால் ராடை மாட்டும் ஊசித்துளை ஒரு நூல் மேலே இருக்கிற பிஸ்டன் வேண்டும். குட்டை ராடு கிடைத்தது. ஆனால் அவற்றில் இரண்டு கோணியிருந்தன. அதனால் பழைய ராடையே வைத்துக்கொண்டு வேறொரு லாரியின் பிஸ்டன்களைத் தேர்ந்தெடுத்தேன். தரையில் சாக்கட்டியால் படம் போட்டு எல்லோருக்கும் விளக்கினேன். அவ்வளவு பெருமை.

அந்தப் பிஸ்டன்களின் அடிப்பகுதி நீளம். கீழே வரும்போது கிராங்கில் தட்டும். லேத்துக்காரனை ஒரு நூல் கடைந்து எடுக்கச் சொன்னேன். அவன் ஒன்றைக் கடைந்து, பூட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணா, இன்னும் அரை நூல் எடுத்துடலாம்ணா. சூடாயி வேகமா ஓடுறப்ப ஒரசும்."

"ஒரசாது. சொன்னதச் செய்."

"ஒரு தபா நீங்களே வந்து பாருங்கண்ணா."

"எனக்கே கணக்கு சொல்றியா?"

நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயம் அப்போதே உள்ளே இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

நாலு நாள் பஸ் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேட்டில் பறந்தது. ஐந்தாம் நாள் சந்தை. மேடு தாண்டியதும் டிரைவர் வேகமெடுத்திருக்கிறார், உள்ளே ஏதோ உடைந்து எஞ்சின் நின்றுவிட்டது. ராகி மூட்டையும் கோழிக்கூடையுமாக ஜனங்கள் வெயிலில் நடந்தார்கள். வண்டியைக் கட்டி இழுத்து வந்து அடித்தொட்டியைக் கழற்றினேன். பிஸ்டன் துண்டுகள் எண்ணெயில் கிடந்தன. கிராங்கில் உரசிய இடம் பளபளவென்றிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை முதலாளி வந்தார். "யாரு கடைசல் புடிச்சது?"

"அவன்தாங்க" என்றேன்.

பொய்யில்லை. அளவு யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"அந்த ஜனங்கள உள்ள உடாதன்னு அன்னிக்கே சொன்னனே, கேட்டியா?" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. லேத்து பக்கத்தில் நின்று அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதே அவனைக் கிளம்பச் சொன்னார் முதலாளி. கையைக் கழுவி, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த பிஸ்டன்களை வெளியில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். இந்த முறை ஒன்றரை நூல். பஸ் வருஷக்கணக்காக ஓடியது. மற்ற கம்பெனி மெக்கானிக்குகள் வந்து விவரம் கேட்டார்கள். "மேஸ்திரி மூளையே மூளை" என்றார்கள். நான் தலைகுனிந்திருந்ததை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஓசூர் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். காக்கி உடுப்பு, பெங்களூரில் தொழிற்சாலை வேலையாம். "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று அவனே வந்து பேசி, டீ வாங்கிக் கொடுத்தான். ஒரே பட்டறையில் இருந்தபோது நாங்கள் சேர்ந்து டீ குடித்ததேயில்லை.

"அந்தப் பிஸ்டன் விஷயத்துல தப்பு என்னுதுதான்" என்றேன்.

"தெரியும்ணா. நீங்க மொதலாளிகிட்ட சொல்லிட்டு என்னக் கூப்புடுவீங்கன்னு, பட்டறைக்கு எதிர்ல புளியமரத்தாண்ட மத்தியானம் வரைக்கும் நின்னேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. மன்னித்துக்கொள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "டீ ஆறுது, குடி" என்றேன்.

ஊர் திரும்பியதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புது டயர்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எவன்?" என்றார்.

"லேத்துல இருந்தானேங்க, நீங்க வேலைய உட்டு அனுப்பினீங்களே."

சற்று யோசித்தார். "அப்படி ஒருத்தன் இருந்தானா?" என்று கேட்டுவிட்டு டயர் பக்கம் திரும்பிக்கொண்டார்.