மலைவாசலில் நின்ற மயிலும் என் ஆய்வேடும்

இல்லாத பூதத்துக்கு இருக்கிற அடிக்குறிப்புப் போடுவதுதான் என் தொழில்.

கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால், இந்தக் காலத்து மிகுபுனைவு நாவல்களில், அதாவது மாய மலை, பேசும் மரம், கடலுக்கடியில் பட்டணம் என்று வருகிற கதைகளில், பழைய தொன்மங்கள் எங்கெல்லாம் ஒளிந்துகொண்டிருக்கின்றன என்று தேடிப் பிடித்து எழுதுவது. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இந்தத் தலைப்பில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். பட்டம் முடிக்காதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எங்கள் துறைத்தலைவரோ, "மாயாஜாலக் கதைக்கெல்லாம் பட்டமா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வேடு எழுதி அவதிப்பட்ட என் இனத்தாரே, மீதிக் கஷ்டம் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆய்வு சரி என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகமெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

பஸ்ஸில் ஒரு விசாரணை

கறம்பக்குடியிலிருந்து கல்லூரிக்கு தினமும் பஸ். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு ஒரு அத்தியாயம் படித்துவிடுவேன். ஒருநாள் பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா. என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையில் இறக்கை முளைத்த யானை ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அட்டையைப் பார்ப்பதும் என் நரைமுடியைப் பார்ப்பதுமாக வந்தார்.

"என்னம்மா படிக்கிறீங்க?" என்றார். நானும் ஆர்வமாக, இது வேலை சம்பந்தமான படிப்பு, நடக்காத கதைகளைப் பற்றிய ஆராய்ச்சி, நாலைந்து வருஷமாகச் செய்கிறேன் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இறங்குகிற நிறுத்தம் வந்ததும் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உண்மையான இரக்கத்தோடு கேட்டார்: "ஏம்மா, நெசமா நடந்ததைப் படிக்கிறதுக்கு சீட்டு கெடைக்கலையா?"

திரும்பி வந்தவர்

எங்கள் ஆட்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. கதாநாயகன் ஊரை விட்டுப் புறப்படுவான், சோதனைகளைக் கடப்பான், ஒரு வரத்தோடு ஊர் திரும்புவான் என்று பாடத்தில் மூன்று கட்டம் சொல்வார்கள். அதை நாவல்களுக்குப் பொருத்திப் பொருத்திப் பழகி, கடைசியில் கண்ணில் பட்ட மனிதர்களுக்கெல்லாம் பொருத்த ஆரம்பித்துவிடுவோம். வாத்தியார் மாற்றலாகிப் போனால் புறப்பாடு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நகராட்சியில் அலைச்சல் என்றால் சோதனை.

பொன்னமராவதியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். என் கணவரின் அத்தை பந்தியில் பரிமாறிக்கொண்டே, தன் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப சோதனைக் கட்டம் முடிஞ்சிருச்சு அத்தை. திரும்புறவரு வெறுங்கையோட வரமாட்டாரு. ஊருக்கு ஒரு வரம் கொண்டாந்தாகணும், அதுதான் கணக்கு" என்றேன். அத்தை ரசவாளியைக் கீழே வைத்தார். "வரமாவது ஒண்ணாவது. தைலப் பாட்டிலும் ஒரு டார்ச் லைட்டும் கொண்டாந்தான். டார்ச்சும் எரியலை."

கணினி மையத்தில் கிடைத்த விமர்சனம்

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கணினி மையம் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஆய்வேடு மூன்றையும் ஒரே முகபாவத்தோடு அடிக்கிறவர். அவர் எதையும் படிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாவது இயலை முடித்துவிட்டாரா என்று பார்க்கப் போனபோது, கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பாதாளத்துக்குள் இறங்கும் ஒரு பெண்ணைப் பற்றிய இயல் அது. பாதாளம் என்பது கருவறைக் குறியீடா, மரணக் குறியீடா என்று மாற்றி மாற்றி வாதாடியிருந்தேன். எனக்கே மிகவும் பிடித்த இயல். அவர் திரையைக் காட்டிச் சொன்னார்: "அந்தப் பொண்ணு மேல வந்துச்சா இல்லையா மேடம்? அதைச் சொல்லாம பக்கம் பக்கமா என்னென்னமோ எழுதியிருக்கீங்க. மொதல்ல அதைச் சொல்லுங்க, மிச்சத்தை அப்பறம் அடிக்கிறேன்."

மயிலின் சொந்தக்காரர்

என் ஆய்வேட்டின் உயிர் நாலாவது இயலில் இருந்தது. மூன்று பாகமாக வந்த ஒரு நாவலைப் பற்றியது. அதில் மலைக்குள் போகும் வாசலை ஒரு மயில் காவல் காக்கிறது. கதாநாயகன் கெஞ்சுகிறான், திட்டுகிறான், சுற்றி வருகிறான். அது வழிவிடுவதில்லை. தோற்ற பகைவனே மயிலாகி, வாகனமாகி, காவலாகவும் நிற்கிற புராணத்தின் தொடர்ச்சி இது என்று நிறுவியிருந்தேன். அசைக்க முடியாத இயல் என்று நெறியாளரே சொல்லியிருந்தார்.

நாவலை எழுதியவர் விராலிமலைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மின்வாரியத்தில் வேலை, கூடவே கடலைச் சாகுபடி. ஒரு பேட்டி எடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று போனேன். காபி கொடுத்தார். மயிலின் தொன்ம வேர்களைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டார். பிறகு ஜன்னல் வழியாகத் தன் கொல்லையைக் காட்டினார். அங்கே நிஜமாகவே மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. "வெதச்ச கடலைய நோண்டித் தின்னுட்டுப் போயிருதும்மா. வெரட்டுனா அங்கிட்டுப் போயி இங்கிட்டு வந்துரும். அடிச்சா கேஸு. அந்தக் கடுப்புல எழுதுனதுதான். வேற ஒண்ணும் இல்லை."

நெறியாளரின் யோசனை

அன்றைக்கே நெறியாளருக்குப் போன் செய்தேன். அவர் சங்க இலக்கியத்தில் ஊறியவர், நிதானமானவர், யாரையும் பதற வைக்க மாட்டார். நடந்ததைச் சொன்னேன். என் இயல் அப்படியே இருக்கட்டும், ஒரு வரிகூட மாற்றப் போவதில்லை என்றும் சொன்னேன். எழுத்தாளர் பொது வாய்மொழித் தேர்வுக்கு அவசியம் வருவதாகச் சொல்லியிருப்பதையும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இயல் இருக்கட்டும்மா. அவரு வர்ற பஸ்ஸத்தான் ஏதாச்சும் பண்ணணும்."

வாய்மொழித் தேர்வு

பொது வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு: அழைப்பிதழ் அடித்து, கேசரி போண்டாவுக்குச் சொல்லி, சொந்தபந்தங்களைக் கூட்டிவைத்து, அவர்கள் முன்னால் ஆய்வாளரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மட்டுமல்ல, வந்தவர் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. போண்டா ஆறிவிடும்.

எங்கள் துறைத்தலைவர் கேட்டார். எழுந்து நின்று, "நாவலாசிரியரே வந்திருக்காரு. அவர்கிட்டயே கேட்டுருவோம். தொன்மத்தை மனசுல வச்சா சார் எழுதுனீங்க?" என்றார். எழுத்தாளர் பொய் சொல்லத் தெரியாதவர். "இல்லைங்க. மயிலு கடலையத் தின்னுச்சுங்க. கடுப்புல எழுதுனேன்" என்றார். அரங்கமே சிரித்தது. என் கணவர்கூடச் சிரித்தார். தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் வேலை அந்த மூடிய பேனாவில் இருந்தது. அப்போது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று பாகத்தையும் அவரைவிட அதிகத் தடவை படித்தவள் நான்.

"சார் என்ன நெனச்சாருன்னு நான் எழுதலை. சார் என்ன எழுதினாருன்னு எழுதியிருக்கேன்" என்று தேர்வாளரிடம் சொல்லிவிட்டு எழுத்தாளர் பக்கம் திரும்பினேன். "உங்க கொல்லையில கடலைய மயில் மட்டுமா சார் தின்னுது?"

"காட்டுப்பன்னியும் திங்குதும்மா. பன்னிதான் சாஸ்தி."

"அப்ப மலைவாசல்ல ஏன் சார் பன்னிய நிறுத்தலை?"

அவர் துறைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தார். நான் விடவில்லை. "அடிச்சா கேஸுன்னு சொன்னீங்க. உங்க கதையில கோர்ட்டு இல்லை, வனத்துறை இல்லை, ஒரு ராஜாகூட இல்லை. கதாநாயகன் கையில வில்லு இருக்கு. மூணு பாகமும் அந்த மயிலைத் திட்டிக்கிட்டே திரியிறான். ஒரு அம்பு விடலையே சார், ஏன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. துறைத்தலைவர் மெதுவாக உட்கார்ந்தார். எழுத்தாளர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. கடைசியில், கூட்டத்துக்காக இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னார். தேர்வாளர் பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்: "அம்பு விட்டும் எழுதிப் பாத்தேம்மா. காலையில எடுத்துப் படிச்சா நெஞ்சு பதறுச்சு, கிழிச்சுப் போட்டுட்டேன். அத்தனை கடலைய இழந்தவன், கதையில கூட அதை அடிக்க எனக்குக் கை வரலை."

பட்டமும் வந்தது, வேலையும் தங்கியது, அண்மையில் வெளியான அவருடைய அடுத்த நாவலில் மருந்துக்குக்கூட ஒரு பறவை இல்லை. ஏன் இல்லை என்றுதான் இப்போது கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.