நடு சீட்

என் மாமா லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் ஒற்றைக் காலில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். விமானத்தில் கால் நீட்ட இடமிருக்காது என்று நான் எச்சரித்தபோது சிரித்தார். தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவனுக்கு உட்கார இடம் கொடுத்துச் சோறும் போடுகிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்.

அவருக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மகள் பள்ளியில் படிக்கும்போதே நின்றுபோனது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்பாவைச் சாப்பிட வரச்சொல், அம்மாவிடம் உப்பு அதிகம் என்று சொல் என மகள் வழியாகவே குடித்தனம் நடந்தது. அவள் கல்யாணமாகி வெளிநாடு போனதும் அந்த உத்தியோகம் அடுத்த தெருவில் இருந்த என் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

இப்போது அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. போனில் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இங்க இருக்கறது ஒரே ரூம். பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு அவங்க நடுவுல என்னால ஓட முடியாது. பேசிக்கிறதா இருந்தா வரட்டும். இல்லன்னா வந்த கையோட திருப்பி அனுப்பிடுவேன்.”

இருவரும் பேசிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார்கள். அதுவும் என் மூலமாகத்தான்.

துணைக்கு நானும் கிளம்பினேன். அத்தைக்கு ஜன்னல், மாமாவுக்கு நடைபாதை ஓரம், நடுவில் நான். முன்சீட்டுக்காரர் சாய்ந்ததும் அவருடைய வழுக்கை என் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் வந்து நின்றது. மாமாவின் தத்துவமும் வெகுநேரம் தாங்கவில்லை. முட்டியை மடக்கினால் மரத்தது, நீட்டினால் தள்ளுவண்டி இடித்தது. லிஃப்ட் குழியிலிருந்து நினைத்தபோது ஏறி வெளியே வரலாம் என்று என்னிடம் முனகினார். ஆடாமல் தூங்கச் சொல் என்றார் அத்தை. வந்தால் தூங்க மாட்டேனா, கேள் என்றார் மாமா.

இறங்கும் நேரம் நெருங்கியது. கால் வீங்கிவிட்டது, செருப்பு நுழையவில்லை, மாமாவிடம் சொல் என்றார் அத்தை. மாமா என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரனைப் பார்க்காமலே திரும்பப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து கழிவறைப் பக்கம் போனேன். அங்கே இடுப்புப் பிடித்தவர்கள் ஒரு சங்கமே நடத்திக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது மாமா என் சீட்டில் இருந்தார். அத்தையின் கால் அவர் மடியில். செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

“ஒரு சைஸ் பெருசா வாங்கியிருக்கலாம்ல?”

“வாங்குனது நீங்க.”

“நீ கடைக்கு வந்திருக்கணும்.”

“கூப்பிட்டீங்களா?”

மாமாவின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். சண்டை பாஸ்போர்ட் வரிசையிலும் தொடர்ந்தது. செருப்பில் தொடங்கி, நான் பிறப்பதற்கு முந்தைய விஷயங்களுக்கெல்லாம் போனது. பெட்டிக்குக் காத்திருந்தவர்கள் எங்களைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

வெளியே குழந்தையோடு நின்ற மகளுக்குத் தூரத்திலேயே சத்தம் கேட்டுவிட்டது. அப்பா யாரோடு சண்டை போடுகிறார் என்று என்னிடம் கேட்டாள். உன் அம்மாவோடுதான் என்றேன்.

“நேராவா?”

ஆமாம் என்றேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.