எண்ண மட்டும் தெரிந்த அடுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அடுப்பைப் பார்க்கப் போனேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சியின் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ் அடுப்பு அது. தீயில்லை, புகையில்லை... உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் என்றால் அறை நிறைய பீரோ பீரோவாக நிற்குமே? பத்திரிகைப் படங்களில் அப்படித்தானே பார்த்திருக்கிறோம்?

"இது நகத்தளவுதான் டீச்சர். நேரத்தை அமுக்கிட்டா, அதுவே எண்ணி அதுவே நிறுத்திக்கும்" என்றார் ஆச்சி மகன்.

என் மகள் உமா அவரை மூச்சுவிட விடவில்லை. எண்ணச் சொன்னது யார்? கரண்ட் போனால்? நடுவில் கதவைத் திறந்தால்?

"திறந்தா நின்னுரும்மா."

அவளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம். மெட்ராஸில் இன்ஜினீயரிங் படிக்க விண்ணப்பம் வாங்கி எல்லாம் எழுதிவிட்டாள். பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. புதன்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். ஹாஸ்டல், தனியாக ரயில், நாளெல்லாம் கரண்டோடு விளையாட்டு... நான் பேனாவைத் தொடவே இல்லை.

"எவர்சில்வர், பித்தளை எதுவும் உள்ள வைக்கக் கூடாது ஆத்தா. பீங்கான்தான்" என்றார் மகன்.

"பீங்கானுக்கா இந்த வீட்டுல பஞ்சம்?" என்று உள்ளே போன ஆச்சி, கல்யாணச் சீரில் வந்த நீலப் பூப்போட்ட வெள்ளைக் கிண்ணத்தில் வெண்டைக்காய் மண்டிக் குழம்போடு வந்தார். உமா பட்டனை அமுக்கினாள். அறுபதிலிருந்து சிவப்பு எண்கள் இறங்கத் தொடங்கின.

படபடவென்று உள்ளே பொறி பறந்தது!

அது எனாமல் கிண்ணம். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா — பார்வைக்குப் பீங்கான், பூச்சுக்குள்ளே இரும்பு.

ஆச்சி "முருகா!" என்றார். மகன் பிளக்கைத் தேடி ஓடினார். நான், "இங்குட்டு வாடி!" என்று அலறினேன். உமா வரவில்லை. முன்னால் போய் அடுப்பின் கதவைத் திறந்தாள். பொறி நின்றது.

"திறந்தா நின்னுரும்னு அண்ணன் சொன்னாகல்லம்மா?" என்றாள், ஒன்றுமே நடக்காதது போல.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு. நீங்க மொதல்ல உக்காருங்க டீச்சர், விழுந்துறப் போறீக!" என்றார் ஆச்சி.

உமாவின் கண் எண்களிலேயே இருந்தது. நாற்பத்து மூன்று. "பொறி பறக்குறப்பவும் அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருந்துச்சே, ஏன்?"

"எண்ண மட்டும்தானே சொல்லிக் குடுத்திருக்காக?" என்றார் ஆச்சி மகன்.

"அப்ப இதையும் சொல்லிக் குடுக்கலாமே?"

ஆச்சி, விளிம்பு கருகிய கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். "சொல்லிக் குடு தாயி. அதுக்கு முன்னால எங்க வீட்டுச் சீருக்கு ஒரு பதிலைச் சொல்லு!"

நாளைக்கு மிக்ஸி, ஃபேன், துணி துவைக்கிற மெஷின் — எல்லாவற்றுக்குள்ளும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்கிறாள் உமா. உட்காரட்டும். அந்த அடுப்பு ஒரு நொடிகூடக் கணக்குத் தப்பவில்லை. ஆனால் தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியவில்லையே? அதைச் சொல்லித்தர யாராவது படித்தாக வேண்டும் அல்லவா?

இன்னொன்றும் உறுத்தியது. அந்த நேரத்தில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். யோசித்தது அவள் ஒருத்திதான். அவளுக்காகவா நான் பயந்து காவல் இருக்கிறேன்?

திங்கட்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன். மறுநாளும் போய், "தபால் பை கிளம்பிருச்சா?" என்று கேட்டேன். தபாலாபீஸில் சிரித்தார்கள்.

சிரிக்கட்டுமே... உள்ளே இருப்பது என் மகள் அல்லவா!