குலுக்கலில் என் பெயர்

அன்று அம்மன் கோயில் முன்னால் இருந்தவர்கள்: ஊர்த் தலைவர், வரிக் கணக்கு பார்க்கிறவர், என் அண்ணன், என் மனைவியின் தம்பி, அவனோடு வலைக்குப் போகிற இரண்டு பேர், நான். என் மனைவி சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றாள். கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஆனால் வீட்டுக்குப் போகச் சொன்னாலும் அவள் போகவில்லை.

ஏரியில் இறால் பிடிக்க யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொள்வோம். அதைப் பாடு என்போம். அந்தக் குலுக்கலில் மறுபடி என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கம்பெனி கேட்டில் பார்த்த காவல் வேலையை அதற்குள் விட்டுவிட்டேன். இவர்கள் முடியாது என்றால் எனக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

"இன்னா மாமா, கேட்டாண்ட குந்திக்கினு லாரி நம்பர் எழுதினே. இங்க வந்து எறாவுக்கு நம்பர் போடப் போறியா?" என்றான் மனைவியின் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"மாசம் பொறந்தா துட்டு வருது. அத்த எதுக்குடா உட்ட?" என்று தலைவர் கேட்டார்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். யூனிபார்ம் போட்ட வேலை என்று சந்தோஷமாகத்தான் போனேன். ஒன்பது வருடம் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரி, வெளியே போகிற லாரி எல்லாவற்றின் நம்பரையும் எழுதினேன். நடுவில் அங்கே கேமரா வைத்தார்கள். அதுவும் நம்பரைப் பிடித்தது, நானும் எழுதினேன். ஒருநாள் ஒரு நம்பரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வேலை போய்விடும், திருடன் என்பார்கள், மகளின் காலேஜ் நின்றுவிடும் என்றெல்லாம் பயந்து சோறு இறங்கவில்லை. நாளாகியும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். "அத யாருப்பா பாக்கறாங்க?" என்று அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தப்பியது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு பேனாவைத் தொடவே கை கூசியது.

இதைத்தான் தலைவரிடம் திக்கித் திணறிச் சொன்னேன்.

"இதுக்காகவா வேலைய உடுவாங்க?" என்றார் கணக்கு பார்க்கிறவர். "ஒம்பது வருசமா நீ ஊர் வரி கட்டல. கட்டாதவனுக்குப் பாடு இல்லன்றது சட்டம்."

தலைவர் அண்ணனைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

"சட்டம்னா எல்லாருக்குந்தான். தம்பினு நான் பேச மாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வலை கட்டக் கழி ஊன்றதுல இவன் கை நல்ல கை. அத்த இல்லன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஒன்பது வருட வரி மொத்தம் முப்பத்தாறாயிரம் என்றார்கள். கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து பதினெட்டாயிரம் கட்டினேன். மீதியை அடுத்த குலுக்கலுக்குள் கட்டாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பேச்சோடு என்னைக் குலுக்கலில் சேர்த்துக்கொண்டார்கள்.

"பொண்ணுக்கு பீஸ் கட்டணும்னு ஞாபகம் இருக்குதா?" என்று வழியில் மனைவி கேட்டாள்.

ஏரியின் முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. கடல் தண்ணீர் சரியாக உள்ளே வருவதில்லை. என் முதல் பாடு நாளில் பாதி வலை பாசியும் சொறி என்கிற ஜெல்லி மீனுமாக வந்தது. "டேய், மூணாவது கழி சாயுது, கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று பக்கத்துப் படகிலிருந்து அண்ணன் கத்தினார். இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் நிமிர்த்தினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் பாடு வந்தது, எறா வரவில்லை. கிடைத்தது டீசலுக்கும் அரிசிக்கும் போனது. அடுத்த குலுக்கல் நெருங்குகிறது. கணக்கு பார்க்கிறவர் எதிரில் வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். பிறகு கட்டிய இரண்டாயிரம் போக, ஊருக்கு நான் இன்னும் பதினாறாயிரம் ரூபாய் தர வேண்டும்.