கரிசலுக்குக் கீழே இறங்கியவர்

பரளச்சியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸை பாளையம்பட்டியில் என் உரக்கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, கண்டக்டர் படியில் நின்றபடியே கத்தினார்: "அண்ணாச்சி, பொன்னையா மேஸ்திரி விடியக்காலையில தவறிட்டாக. மத்தியானமே எடுக்குறாக, வெரசா வாங்க!"

கிணறு வெட்டு மேஸ்திரி பொன்னையாவை உங்களில் பலருக்குத் தெரியும். நம் அறிவியல் மன்றக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, பேச வந்தவரைக் கேள்வியாலேயே திணறடிப்பாரே, அவர்தான். நம் கரிசல் மண் எப்படிப் பிறந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னவன் என்று என்னைப் பாராட்டி மாலை போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயர் யாருக்குச் சேர வேண்டியது என்பதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் கெட்டுப்போய் இப்போது சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஊர் ஊராகப் போய் எரிமலை பற்றிப் பேசுவது எனக்கு ஒரு பைத்தியம். களிமண்ணில் சின்ன மலை செய்து, உச்சியில் ஆரஞ்சுத் தூளைக் கொட்டிப் பற்ற வைப்பேன். குபுகுபுவென்று சாம்பல் பொங்கும். பரளச்சிப் பள்ளிக்கூட முற்றத்தில் அப்படிப் பொங்க வைத்துவிட்டு முழங்கினேன்: "ஆறரைக் கோடி வருடங்களுக்கு முன்னால் தக்காணத்தில் பூமி பிளந்து நெருப்புக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்தது. நீங்கள் உழுகிற இந்தக் கரிசல் அந்தக் குழம்பின் பொடிதான்!" ஒரே கைதட்டல். அது அடங்கியதும் பொன்னையா எழுந்தார்.

"அண்ணாச்சி, கொழம்பு இறுகுனா கல்லாத்தான இருக்கணும்? நானும் நாப்பது கெணறு வெட்டிருக்கேன். கருசலுக்கு அடியில அப்பிடி ஒரு கல்லு தட்டுப்படவே இல்லையே. எங்கிட்டுப் போச்சு?"

"புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்றேன்.

"புத்தகம் எழுதுனவுக கெணத்துக்குள்ள எறங்கிப் பாத்தாகளா?"

சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனிதர் கடைக்கே வந்துவிட்டார். "கோவிச்சுக்கிடாதீக. நான் சொன்னது தப்பாக்கூட இருக்கும். வாங்க, ரெண்டு பேருமாப் பாத்துருவோம்" என்று சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். பாதி வெட்டிய கிணறு ஒன்றில் என் இடுப்பில் வடத்தைக் கட்டி இறக்கினார்கள். என் உடம்பு உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே இறங்கிவிட்ட பொன்னையா, மேலே நின்றவர்களைப் பார்த்து, "பாத்து விடுங்கடே, உர மூடை எறங்குது!" என்றார். பயத்தில் நான் வடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

கீழே போனதும் பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கிணற்றுச் சுவரைத் தடவித் தடவிக் காட்டினார். மேலே ஆறடி கரிசல். அதற்கடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல். அதற்கும் கீழே கையால் பிட்டால் உதிர்கிற அழுகின பாறை. அடியில் வரி ஓடிய சாம்பல் நிறக் கெட்டிப் பாறை. எரிமலைக் கல் ஒரு விரற்கடைகூட இல்லை! "பாருங்க, கீழ கெட்டி, மேல போகப் போகப் பொலபொலன்னு ஆகுது. இந்தக் கல்லேதான் மக்கி மண்ணாயிருக்கு" என்றார். அங்கிருந்து மேட்டுக்காட்டில் செவல் என்கிற செம்மண்ணில் இருந்த இன்னொரு கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அடியில் அதே வரிக்கல். "தண்ணி வடிஞ்சு ஓடுற மேட்டுல செவலு. தேங்கி நிக்கிற பள்ளத்துல கருசலு. தாயி ஒண்ணு, புள்ளைக ரெண்டு நெறம்!" வரப்பில் நின்று இரண்டு கிழட்டுக் கழுதைகளாகக் குதித்தோம்.

மதுரையில் நிலவியல் கற்பிக்கும் ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். எரிமலைக் குழம்பில் பிறந்த கரிசல் மராட்டியப் பக்கம் உண்டு, உங்கள் ஊர்க் கரிசல் உள்ளூர்ப் பாறை சிதைந்து உண்டானது என்று பதில் வந்தது. அதைப் பொன்னையாவிடம் படித்துக் காட்டினேன். தன் வாதம் ஜெயித்தது அவருக்குப் பெரிதாகவே இல்லை. "அப்ப மராட்டியத்துல அது எம்புட்டு நாளு கொதிச்சுச்சு?" என்று ஆரம்பித்துவிட்டார்.

லட்சக்கணக்கான வருடங்கள், விட்டு விட்டு, என்றேன். அவருக்குத் தன் கிணறுதான் ஞாபகம் வந்தது. "கெணத்துக்குள்ள பாறைய ஒடைக்க ஒத்தத் தோட்டா வெடிச்சா, அந்தப் பொகை அடங்குறதுக்குள்ள எவனும் எறங்க முடியாது. மீறி எறங்குனா மயங்கி விழுவான். லச்சம் வருசம் பொகஞ்சா ஆடு மாடு என்னத்துக்கு ஆகும்?" டைனோசர்களை முடித்தது அந்தப் புகையா, வானத்திலிருந்து விழுந்த கல்லா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கந்தக வாயு, அமில மழை என்று நான் அரை மணி நேரம் பேசுகிறதை அவர் ஒரு தோட்டாவில் முடித்துவிட்டார்.

1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ மலை வெடித்தது. சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் கடைக்குள் ஓடிவந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். மேற்கே வானம் செக்கச்செவேல் என்று கிடந்தது. "இது அந்த மலையோட தூசிதான அண்ணாச்சி? கடலு தாண்டி நம்ம ஊருக்கு வந்துருச்சே!" அந்தத் தூசும் கந்தகப் புகையும் வெயிலை மறித்து, மறு வருடம் உலகமே அரை டிகிரி குளிர்ந்ததாகப் பத்திரிகையில் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம வெயிலுல அரை டிகிரி கொறஞ்சா யாருக்குத் தெரியும்?" பிறகு நிதானமாக, "ஒத்த மலைக்கே இம்புட்டுன்னா, தக்காணம் மொத்தமும் பொகஞ்சப்ப எப்படி இருந்துருக்கும்!" என்றார்.

அதற்கப்புறம்தான் கரிசலைப் பற்றி, நீங்கள் எனக்கு மாலை போடக் காரணமான அந்தச் சின்னப் புத்தகத்தைப் போட்டேன். "எனது கள ஆய்வில் கண்டது" என்று எழுதினேன். கிணறு வெட்டுகிறவர் சொன்னார் என்றால் படித்தவர்கள் மதிப்பார்களா என்று என் புத்தி போயிற்று. அதுவும் பாதி உண்மைதான். மீதிப் பாதி, கைதட்டல் ஆசை. முதல் பிரதியை அவரிடம்தான் கொடுத்தேன். உட்கார்ந்து முழுக்கப் படித்தார். "ஜோரா வந்துருக்கு" என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் அவரை எடுத்து முடிந்து திரும்பும்போது அவருடைய மகள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அட்டை கிழிந்து, தைத்து ஒட்டியிருந்தது. "வீட்டுக்கு யாரு வந்தாலும் அப்பா இதத்தான் மொதல்ல எடுத்துக் காட்டுவாக, பெரியப்பா. 'இது எங்க அண்ணாச்சி கண்டுபிடிச்சது, நானும் கூட இருந்தேன்'ம்பாக. அம்புட்டுப் பெருமை."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

புத்தகத்தை மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். கண்டுபிடித்தவர் பரளச்சி பொன்னையா என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். அவர் சொன்னதில் எனக்கென்று ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்கிறேன்: நானும் கூட இருந்தேன்.