வெயிலில் சோறு வேகவைத்த தகரப் பெட்டி

பெட்டியின் கண்ணாடியைத் தூக்கியதும் முகத்தில் குப்பென்று அடிக்கும் சூடு… பெயின்ட் வாடை கலந்த சோற்று ஆவி… என் மூக்குக்கண்ணாடி அப்படியே மங்கிப்போகும்.

எண்பதுகளின் நடுவில் திருத்தணியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு நான் புது சயின்ஸ் டீச்சர். ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு, அங்கே கொடுத்த சூரிய அடுப்பை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். தகரப் பெட்டி, உள்ளே கறுப்புத் தட்டு, மேலே இரட்டைக் கண்ணாடி, வெயிலைத் திருப்பி உள்ளே விட மூடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கூடவே வெளியில் கறுப்பு பெயின்ட் அடித்த அலுமினியப் பாத்திரம். ஆற்றல் என்றால் என்னவென்று பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்த்துக் கற்கவேண்டுமாம்.

"இன்னா டீச்சர் பொட்டி இது?" என்றார் கண்டக்டர்.

"அடுப்பு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

எங்கள் தலைமையாசிரியைக்குப் புதுப் பொருளைக் கண்டாலே பூட்டுதான் ஞாபகம் வரும். மைக்ராஸ்கோப்பே ஸ்டோர் ரூமில்தான் தூங்கியது.

"ஒடைஞ்சா யாரும்மா ஜவாப்பு? அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் வராரு. அவரு கண்ணு முன்னால சோறு வெந்துச்சின்னா வெளிய இருக்கட்டும். இல்லன்னா உள்ள வெச்சிப் பூட்டிடுவேன்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே போன பொருள் நான் ரிடையர் ஆகும்வரை வெளியே வராது என்று தெரியும்.

ஆபீசர் வருவதற்கு முதல் நாள் மைதானத்தில் ஒரு ஒத்திகை பார்த்தோம். பூப்போல வெந்தது. ஆளுக்கு ஒரு வாய் தின்றுவிட்டுப் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

"வீட்ல அரிசியை வெயில்ல காயப்போடுறோமே டீச்சர், அது ஏன் வேகல?"

கேட்டவள் வசந்தா. ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவள், வீட்டில் தறி. தண்ணீர் வேண்டும், சூடு வெளியே போகாமல் மூடி வைக்கவேண்டும், கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே விடாது என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"எதை உள்ள விடணும், எதை வெளிய விடக்கூடாதுன்னு கண்ணாடிக்கு எப்டி டீச்சர் தெரியும்?"

சரியான தொல்லை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, அன்று சாயங்காலம் புத்தகத்தைப் புரட்டினேன். நல்ல கேள்வி என்பதால்தான் அந்த எரிச்சல்.

மறுநாள் காலை நான் பிரேயரில் நிற்கும்போதே பிள்ளைகள் அரிசி களைந்து பெட்டியில் வைத்துவிட்டார்கள். மத்தியானம் ஆபீசர் வந்தார். நல்ல உச்சி வெயில், துளி மேகமில்லை. திறந்தேன். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் நடுவில் கல் மாதிரி இருக்கிறது.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "ஊறிக்கினு இருக்குது. எங்க வேகுது?" என்றபடி இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் பாத்திரத்தைப் பார்த்தேன்… கல்யாணச் சீர்ப் பாத்திரம்போலப் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"நேத்து நாந்தான் டீச்சர் தேச்சேன்" என்றாள் வசந்தா, பெருமையாக. "செங்கத்தூள் போட்டுத் தேச்சித் தேச்சி கையே போச்சி. ஆபீசரு பாக்கச்சொல்ல பாத்திரம் கரியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

எப்படித் திட்டுவது? கரி பிடித்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால் பெற்றவளைத்தான் நாலு பேர் பேசுவார்கள் எங்கள் பக்கம். விஷயம் இன்னதென்று ஆபீசரிடம் சொன்னேன். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"கறுப்பு போனா ஏன் வேகல? யாராவது சொல்லுங்க பாப்போம்."

வசந்தாவே மெதுவாகச் சொன்னாள். "மலைக்குப் போச்சொல்ல படியில சுண்ணாம்பு அடிச்ச எடமாப் பாத்து கால் வெப்போம் சார். அங்க சுடாது. கருங்கல்லுல வெச்சா துடிச்சிப் பூடுவோம்." என் பக்கம் திரும்பினாள். "வெள்ளை வெயில வாங்காது. கறுப்பு வாங்கிக்கும். அப்படீங்களா டீச்சர்?"

அப்படித்தான். புத்தகத்தில் அரைப் பக்கம் போட்டிருந்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டாள்.

ஆபீசருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "வெந்தா சொல்லி அனுப்புங்கம்மா" என்று கிளம்பினார். நாங்கள் விடவில்லை. சத்துணவு அண்டாவின் அடியில் கரியைச் சுரண்டிக்கொண்டு வந்தோம். தண்ணீரில் குழைத்தால் வழிந்தது.

"கஞ்சியில கொழைங்க டீச்சர், நிக்கும். தறி நூலுக்கு எங்க நைனா கஞ்சிதான் போடுவாரு."

பாத்திரத்துக்கு அவளே பூசினாள். "எங்கம்மா மட்டும் இதப் பாத்துச்சி, வெளக்கமாத்த எடுத்துக்கும்" என்று முனகிக்கொண்டே பூசினாள்.

தலைமையாசிரியை குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பூட்டுவதற்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒருத்தி மூடியைத் தூக்கப் போனாள். "தொறக்காதடி, சூடு பூடும்" என்று அவரே அதட்டினார். கடைசி பெல் அடித்தும் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. வசந்தா பஸ்ஸையே விட்டுவிட்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் திறந்தோம். தலைமையாசிரியை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"கொஞ்சம் கொழஞ்சிடுச்சி" என்றார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "பொட்டி வெளியவே இருக்கட்டும்மா. உள்ள வெச்சிப் பூட்டினா அதுக்கு ஏது வெயிலு?"

சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டேன் அன்றைக்கு.

இப்போது என் மருமகளும் சயின்ஸ் டீச்சர், சென்னையில். போன வாரம் போனில் பேசும்போது, உங்கள் பள்ளியில் இந்த மாதிரியெல்லாம் உண்டா என்று கேட்டேன்.

"சூப்பரான சோலார் குக்கர் கிட் ஒண்ணே இருக்கு அத்தை. இன்னும் பிரிக்கல… போர்ஷன் முடிக்கணுமே. ஸ்மார்ட் போர்டுல வீடியோ போட்டுக் காட்டிட்டேன்."

"சோறு வெந்துச்சாம்மா?"

"வீடியோல வெந்துச்சு அத்தை" என்று சிரித்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவளுக்கு இருக்கும் வேலை அப்படி. ஏதாவது ஒரு பிள்ளையாவது 'ஏன் டீச்சர்?' என்று கேட்டதா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது… கேட்பதற்குள் அவளுக்கு அடுத்த பீரியட் பெல் அடித்துவிட்டது.