வரியைக் கட்டியது யார்

அருணாசலவடிவு ஆடிட்டர் ஆபீஸில் வருமான வரிக் கணக்கு நிரப்ப உட்கார்ந்து பத்தொன்பது வருடமாகிறது. உப்பளக்காரர், சங்கு வியாபாரி, கப்பல் ஏஜென்ட் என்று தூத்துக்குடியில் பல பேருடைய வருமானம் அவளுக்கு அத்துப்படி. வெளியே ஒரு வார்த்தை போனதில்லை. அவள் நிரப்பியதை ஆடிட்டர் திரும்பப் பார்ப்பதுகூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் ஜூலை கடைசி நாளன்று அவள் கழுத்தைப் பிடித்தது.

சாயங்காலம் எதிரே வந்து உட்கார்ந்தவர் பால்துரை அண்ணாச்சி. பலசரக்குக் கடைக்காரர். போதாததற்கு, பிரையண்ட் நகரில் வடிவு குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர்.

"வீட்டு வரியக் கழிச்சுக்கிடலாம்னு சம்மந்தி சொன்னாரு. ரெண்டு ரசீதும் இருக்கு, சேத்துரு."

வடிவு ரசீதுகளை வாங்கிப் பார்த்தாள். இரண்டும் அவள் கட்டியவை. வீடு பிடிக்கும்போதே பேச்சு அதுதான்: வாடகை தனி, வீட்டு வரி குடியிருப்பவர் பொறுப்பு. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. அரை வருடத்துக்கு ஒருமுறை தன் போனில் வரி கட்டி, ரசீதைக் கடையில் கொண்டு போய்க் கொடுத்துவிடுவாள். ரசீதில் வரும் பெயர் மட்டும் அண்ணாச்சியுடையது.

வாடகைக்கு விட்ட வீட்டின் வரியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம், சரிதான். ஆனால் வீட்டுக்காரரே கட்டியிருக்க வேண்டும். குடியிருப்பவர் கட்டியதை அவர் கழிக்க முடியாது. வடிவு இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். ரசீதில் தன் பெயர்தானே இருக்கிறது, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றார் அவர். உண்மைதான், ஒருவரும் கேட்கப் போவதில்லை. கொடுமையே அதுதானே.

"கட்டுனது நான்லா அண்ணாச்சி. தெரிஞ்சே எப்படி எழுத?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். குரல் உயரவில்லை.

"நீ இருக்கது யாரு வீடு வடிவு?"

மகள் சந்தனச்செல்வி பிளஸ் டூ. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். கணவன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. இந்த வாடகைக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்? வடிவு பயந்தாள், நன்றாகவே பயந்தாள். பயந்துகொண்டே வரிக்கான கட்டத்தில் பூஜ்யத்தை அடித்தாள்.

இனி கணக்கை அனுப்ப அவர் போனுக்கு வந்திருக்கும் ஓடிபி வேண்டும். அண்ணாச்சி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஆடிட்டரைத் தேடி ஓட நேரமில்லை. இன்று விட்டால் அபராதம். ஆறு எண்களையும் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். ரசீதுகளை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பாராமல் இறங்கிப் போனார்.

ஆகஸ்ட் போனது, செப்டம்பரும் போனது. மகள் கடைக்குப் போனால் அண்ணாச்சி சாமானைக் கட்டிக் கொடுத்தார், பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வடிவு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடி அலைந்தாள். எல்லாம் எட்டாத வாடகை. காலி பண்ணச் சொன்னால் அன்றைக்கே மலைத்துப் போய் நிற்கக்கூடாது என்று, பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்தாள். மகளிடம் ஆயுத பூஜைக்கு ஒதுங்க வைக்கிறேன் என்று பொய் சொன்னாள். எழுத்தில் பொய் வராதவளுக்கு வாயில் வந்தது.

அக்டோபரில் ஒரு காலை, கேட் திறக்கும் சத்தம். அண்ணாச்சி. அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று ஒரு ரசீதை நீட்டினார். இந்த அரை வருடத்து வீட்டு வரி. அவள் இன்னும் கட்டவில்லை, அவர் கட்டியிருந்தார்.

"இனிமே வரிய நானே கட்டிருதேன். மாசம் நானூறு வாடகைல கூட்டிக் குடு."

ஒரு வருடத்து வரியைப் பன்னிரண்டால் வகுத்தால் முந்நூற்று எண்பத்தைந்துதான் வரும். கடைக்காரர் அல்லவா, முழுசாக்கிவிட்டார். பேரம் பேச வடிவுக்குத் தெம்பில்லை. சரியென்று தலையாட்டினாள்.

"அடுத்த தடவ இத எழுதுவேல்லா?"

"எழுதுதேன் அண்ணாச்சி. இது நீங்க கட்டுனதுல்லா."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. வடிவு உள்ளே போய்ச் சாக்கை அவிழ்த்துக் குக்கரை எடுத்தாள். இரண்டு வாரமாக ஒற்றைச் சட்டியில் பொங்கிக்கொண்டிருந்தவள், குக்கரை அடுப்பில் ஏற்றியதும் அழுதுவிட்டாள்.